பாவுக்கஞ்சி தேடிக் காஞ்சிபுரம் போனேன்

ஊட்டச்சத்து நிபுணரே, நீங்கள் எங்களிடம் புளுகினீர்கள்.

மலேசியாவில், கிள்ளானில், எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு புளுகினீர்கள். கூட்டமே கைதட்டியது. நான் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள் நான்தான். தட்டு கழுவிய கை ஈரமாக இருந்ததால் கைதட்டவில்லை. நல்லதாகப் போயிற்று.

நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவுக்கஞ்சி குடித்து வளர்ந்தவர்களாம். அவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றால் என்னவென்றே தெரியாதாம். உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது, உலகத்தின் உணவு முறையையே இந்தக் கஞ்சி மாற்றப்போகிறதாம். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பளபளப் பொட்டலத்தை எடுத்தீர்கள். பெரிய பொட்டலத்துக்குள் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம். மேலே தறியின் படம். படத்துக்குக் கீழே, "கஞ்சி குடித்தால்தான் நிமிர்ந்து நிற்கும் – காஞ்சி நெசவாளர் வாக்கு" என்று அச்சடித்திருந்தது.

பெற்றோர் சங்கம் மயங்கிவிட்டது. இனிமேல் காலையில் பிள்ளைக்கு ஒரு பொட்டலம், ஒரு காகிதக் குவளை, கொஞ்சம் வெந்நீர். சமையலறையை மூடிவிடலாம். அடுத்த கூட்டத்தில் முடிவு எடுப்பதாகச் சொன்னார்கள். என் இட்லியும், கடலைச் சுண்டலும், பள்ளி வேலியோரம் நானே போட்ட பசலைக்கீரையும் அதோடு போய்விடும். என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் போகவேண்டியதுதான்.

நான் வாயாடுகிறவள். ஆனால் தெரியாத விஷயத்தில் வாயாட முடியாது. பாவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாவ் என்றால் சீனர் கடையில் விற்கும் ஆவியில் வெந்த ரொட்டி. அதை யாரும் கஞ்சியில் போடமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க யாராவது காஞ்சிபுரம் போகவேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் போகிறேன் என்றேன். எனக்குப் பட்டு பார்க்கத் தெரியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னோடு சண்டை போடவும் யாருக்கும் தெம்பு இல்லை.

காஞ்சிபுரத்தில் இறங்கிய காலையில் முதல் வேலையாக, தங்கிய விடுதிக்குப் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தேன். "பசியாற என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். பரிமாறும் ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் ஊரில் காலை உணவுக்குப் பசியாறுவது என்று பெயர். இங்கே டிபனாம். இவ்வளவு பெரிய தமிழ் ஊரில் என் தமிழ்தான் அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

"பாவுக்கஞ்சி இருக்கிறதா?" என்றேன்.

"இன்னாது?"

"பாவுக்கஞ்சி. ஒரு குவளை."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். சமையல்கட்டில் குபீரென்று சிரிப்பு. கதவு வழியாக மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. திரும்பி வந்தவர் முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டார்.

"அது இங்க கிடையாதும்மா. பிள்ளையார்பாளையம் பக்கம் விடியக்காலம் போங்க. ரோட்லயே ஊத்துவாங்க."

ரோட்டிலேயே ஊற்றுகிறார்களா! நான் அசந்து போனேன். எங்கள் ஊரில் தைப்பூசத்துக்குத்தான் அப்படித் தண்ணீர்ப்பந்தல் வைப்பார்கள். இங்கே தினமும் கஞ்சியா? நிபுணரே, அந்த ஒரு நாள் முழுக்க நான் உங்களை நம்பினேன். மனதுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

அந்த ஓட்டலில் கோயில் இட்லி கொடுத்தார்கள். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, மந்தாரை இலையில் வேகவைத்தது. இலையின் வாசனை இட்லியில் ஏறியிருந்தது. என் இட்லி இதைவிட மெது. ஆனால் ருசியில் இதற்குக் கிட்டே வராது. உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? தின்ற இலையை வெளியே கூடையில் போட்டார்கள். ஒரு மாடு வந்து கூடையைக் காலி செய்தது. உங்கள் பொட்டலத்தை அந்த மாட்டுக்குப் போட்டிருந்தால் செத்திருக்கும்.

வெயில் ஏறியதும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியைப் பார்த்தேன். கேழ்வரகுக் கூழ். வண்டிக்காரப் பெண்ணின் பெயர் லூர்து. என் வயதுதான் இருக்கும், தொண்டை என்னுடையதைவிடப் பெரிது. எவர்சில்வர் சொம்பில் கூழை ஊற்றி, வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, கருவாடு எல்லாம் ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். வெளியே நெருப்பாக எரிந்த வெயில் வயிற்றுக்குள் அணைந்துபோனது. இரண்டாவது சொம்பும் குடித்தேன்.

அவளிடமும் பாவுக்கஞ்சி கேட்டேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யார்க்கா உனுக்கு சொன்னது? நான் சொல்ல மாட்டேன்பா. நாளைக்கு நீயே போய் கண்ணால பாரு. அப்பதான் நல்லா இருக்கும்."

அந்த நேரம் ஒருவருக்குக் கூழைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. சூடோ குளிரோ, சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாதே என்று சத்தம் போட்டேன்.

"பார்சலுக்கு சொம்பு குடுத்தா திரும்பி வருமாக்கா? உங்க மலேசியாவுல வருமா?"

வராது. எங்கள் ஊரில் தேநீரையே பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழாய் செருகிக் கையில் தொங்கவிட்டுப் போகிறோம். வாயை மூடிக்கொண்டேன். அவள் விடவில்லை. "இன்னாக்கா, சவுண்டு கம்மியாயிடுச்சு?" என்றாள்.

மறுநாள் விடியும்போது பாஷா என்ற ஆட்டோக்காரர் என்னைப் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். கையில் நானே வாங்கிய ஒரு குவளையும் வைத்திருந்தேன். அதைப் பார்த்து பாஷா கேட்டார், "குவளை எதுக்கும்மா?"

"கஞ்சி வாங்கத்தான்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். தோள் மட்டும் குலுங்கியது.

தெருவில் திரும்பியதும் ஆட்டோ நின்றுவிட்டது. தெரு நீளத்துக்கும் சிவப்புப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெருக்கல் குறி போல நட்ட மூங்கில் கழிகளின்மேல் ஆயிரக்கணக்கான இழைகள், இடுப்பு உயரத்தில். வெயில் பட்டு ஒரு சிவப்பு வாய்க்கால் ஓடுவது போல இருந்தது. ஒரு ஆளும் ஒரு பெண்ணும் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே, வாளியிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளி நூல்மேல் தெளித்துத் துணியால் நீவினார்கள்.

"இதாம்மா பாவு," என்றார் பாஷா. "தறியில நீளமா ஓடுற நூலு. அவங்க தெளிக்கிறாங்களே, அதாம்மா பாவுக்கஞ்சி. குவளைய நீட்டுங்க."

நிபுணரே, நான் நடுத்தெருவில் குவளையோடு நின்றேன்.

கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது. நான் சிரிக்க, பாஷா சிரிக்க, வாளியோடு வந்த ஆளும் விவரம் கேட்டுச் சிரித்தார். அவர் பெயர் தேவராஜ். அந்தப் பெண் அவர் மனைவி கஸ்தூரி. பச்சரிசியைத் தண்ணியாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு நூலுக்குப் போடுவார்களாம். அப்போதுதான் இழை பிசிறு விடாமல் விறைப்பாக நிற்குமாம்.

"யாராவது இதைக் குடிப்பார்களா?" என்றேன்.

"அதோ வருது பாருங்க," என்றார் தேவராஜ். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று பாவின் ஓரத்தை நக்க வந்தது. கஸ்தூரி துணியை ஓங்கி விரட்டினாள். "பாவுக்கஞ்சி குடிக்கிற ஒரே ஆளு அதாம்மா. அதுக்குக்கூட நாங்க ஊத்திக் குடுக்கல, திருடித்தான் குடிக்கும்."

அன்று கூட்டத்தில் வாங்கி வைத்த உங்கள் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் காட்டினேன். மேலே அச்சடித்த நெசவாளர் வாக்கை அவர் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுக் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"இது நீங்க சொன்னதுதானே!" என்றாள் அவள்.

விஷயம் இதுதான். கொஞ்ச காலம் முன்பு ஒரு சார் இதே தெருவுக்கு வந்து வீடியோ எடுத்தாராம். இது எதற்கு என்று கேட்டாராம். தேவராஜ் வேலை மும்முரத்தில், "கஞ்சி குடிச்சாதான் சார் நிமிந்து நிக்கும்" என்றாராம். பாவு கஞ்சி குடிக்கிறது என்பது இங்கே எல்லோரும் சொல்கிற பேச்சு. மண் தண்ணீர் குடிக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அப்படி. வீடியோ எடுத்தவர் மனிதன் குடிப்பதாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவரு ஒரு வாய் கேட்டிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும்," என்றார் தேவராஜ். "குடிக்கவே இல்லியே, எடுத்துக்கினு போயிட்டாரு."

அது நீங்களா, உங்கள் ஆளா, எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள்.

பாவு காயும் நேரத்தில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து உங்கள் பொட்டலத்தைக் கரைத்தோம். கஸ்தூரி ஒரு மிடறு குடித்துவிட்டு உள்பக்கம் திரும்பி, "ஏமண்டி, இக்கட ரண்டி!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டில் தெலுங்குதான். அவர் வந்ததும் குவளையை நீட்டினாள்.

"பாயசமாட்டம் இனிக்குது. இத பாவுக்குப் போட்டா அவ்ளோதான், எறும்பு வந்து பொடவைய தூக்கிக்கினு போயிடும்."

தேவராஜ் குவளையை வாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என்முன் போட்டார்.

"எனுக்கே சுகர் இருக்குதுமா. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இருக்குது. காலையில இருந்து தறியில உக்காந்தா எழுந்துக்கிறதே கிடையாது. மூணு வேளையும் வெள்ளைச் சோறு, நடுவுல டீ. வராம இன்னா பண்ணும்?"

"கூழ் குடிக்கலாமே?"

"எனுக்குப் பிடிக்காது," என்றார் பட்டென்று. "சின்ன வயசுல வேற இல்லாம குடிச்சோம். இப்ப எதுக்கு?"

"டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு, நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. பரோட்டான்னா மட்டும் காது நல்லா கேக்கும்," என்றாள் கஸ்தூரி.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நீங்கள் மேடையில் நிறுத்திய நோய் தெரியாத நெசவாளரைவிட, மாத்திரை போட்டுக்கொண்டு பரோட்டாவுக்கு அலையும் இந்த நெசவாளர் நிஜமான ஆள். அண்ணன் மகளுக்கான புடவையையும் கஸ்தூரியே தேர்ந்தெடுத்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மதியம் நேராக லூர்துவிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "குடிச்சியாக்கா?" என்றாள். திட்டினேன். சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டினாள். பொட்டலத்தில், 'காஞ்சி மண்ணில் விளைந்த கேழ்வரகு' என்று ஒரு வரி இருக்கிறது. அதையும் பார்த்துவிட வேண்டும் என்றேன். தனக்குக் கேழ்வரகு கொடுக்கும் நயினார் வீட்டுக்குப் போகச் சொன்னாள். நயினார் என்றால் அந்தப் பக்கத்து ஜைன விவசாயக் குடும்பம். வாலாஜாபாத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கவேண்டும். போனிலேயே அவர்களுக்குத் தகவலும் சொன்னாள். "விருந்து ரெடியா இருக்கும். பொழுதோட போயிடுக்கா," என்று இரண்டு தடவை சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துனர், "வாலாஜா, வாலாஜா" என்று கத்தினார். ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெகுதூரம் போயிருந்தது. வாலாஜா தாண்டிவிட்டதா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். எந்த வாலாஜாவுக்கு என்று அவர் என்னைக் கேட்டார். வாலாஜாபேட்டை ஒரு திசை, வாலாஜாபாத் நேர் எதிர்த் திசை! இரண்டையும் வாலாஜா என்றே சொன்னால் வெளியூர்க்காரி என்ன செய்வாள்? நடத்துனரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அசரவே இல்லை.

"பேட்டைக்குத்தான்மா வாலாஜான்னு சொல்லுவோம். பாத்துக்கு வாலாஜாபாத்துன்னு முழுசா சொல்லுவோம். இதுகூடத் தெரியாதா?"

திரும்பிப் பேருந்து மாறி, ஆட்டோ பிடித்து நயினார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. நயினாரின் மனைவி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதாம்மா எல்லாத்தையும் கழுவிக் கவுத்தேன். பொழுது போனா இந்த வீட்ல யாரும் சாப்புட மாட்டோம். உனுக்கு வேணா பக்கத்து வீட்ல சொல்லட்டா?"

வீட்டுக்கு வந்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சாப்பிடுவதா? எனக்கும் வீம்பு உண்டு. வேண்டாம் என்றேன். வயிறு கத்தியதை அவர்களும் கேட்டிருப்பார்கள். ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டதற்கு நான் ஒரு ராத்திரி பட்டினி கிடந்தேன். நீங்களோ உங்கள் ஆளோ ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டு, அதைப் பொட்டலம் கட்டி விற்றீர்கள். நம் இருவருக்கும் அதுதான் வித்தியாசம்.

காலையில் பசியாறினேன். பசியாறுவது என்ற சொல்லுக்கே அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, வெங்காயம் இல்லாமல். அவர்கள் வெங்காயம் தொடமாட்டார்கள். எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள்.

நயினார் கொல்லைமேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பள்ளத்தில் நெல். மேட்டில் கேழ்வரகு. "இதுக்கு மழையே போதும்மா. நெல்லு மாதிரி தண்ணி கேக்காது," என்றார். லூர்து வாங்குவதுபோக மிச்சம் வீட்டுக்காம். இன்னும் யாராவது கேட்டால் இன்னும் போடத் தயாராம். பொட்டலக் கம்பெனிக்காரர்கள் யாராவது வந்து வாங்கினார்களா என்று கேட்டேன். "என்கிட்ட யாரும் வரல. மத்த ஊரு எனுக்குத் தெரியாது," என்றார். நேர்மையான பதில். நானும் அதற்குமேல் உங்கள்மீது குற்றம் சொல்லவில்லை.

ஒரு மூட்டை கேழ்வரகு வாங்கிக்கொண்டு போகலாம் என்று எனக்கு ஆசை வந்தது. சொன்னதும் நயினாரின் மனைவி கேட்டார், "உங்க ஊர்ல இது விளையாதா?"

"விளையாது."

"அப்ப எதுக்கும்மா கடல் தாண்டித் தூக்கிக்கினு போற? உங்க ஊர்ல இன்னா விளையுது?"

நான் யோசித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே முருங்கை நிற்கிறது. வாழை, தேங்காய், பசலை. கரையிலிருந்து நெத்திலி. எதற்கும் விமானம் ஏறவேண்டாம். "மரவள்ளிக்கிழங்கு நன்றாக விளையும்," என்றேன்.

"கிழங்கா!" என்று அந்த அம்மா மூக்கில் விரல் வைத்தார். மண்ணுக்கடியில் விளைவதையும் அவர்கள் சாப்பிடமாட்டார்களாம். நயினார் சிரித்தார். "அவங்க ஊரு, அவங்க வயிறு. உனுக்கு இன்னா?" என்றார்.

மூட்டை வாங்கவில்லை. அடைக்கு மட்டும் ஒரு சின்னப் பை மாவு அந்த அம்மாவே கட்டிக் கொடுத்தார், துணியில்.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். புடவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நான் எடுத்ததாக நம்புகிறார்கள். சமையலறை இன்னும் மூடவில்லை. வேலியோரப் பசலை இடுப்பளவு நிற்கிறது. பெற்றோர் சங்கக் கூட்டம் வரப்போகிறது. தலைவரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பேச எனக்கும் நேரம் உண்டு.

நிபுணரே, அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வரவேண்டும். தொலைபேசியில் எனக்குப் பதில் சொல்லவேண்டாம். தலைவரிடம் தனியாகப் பேசவும் வேண்டாம். அதே கூடம், அதே மைக், அதே பெற்றோர். எந்த நெசவாளர் வீட்டில், யார் இதைக் குடித்து நீங்கள் பார்த்தீர்கள்? அந்தக் கேழ்வரகு யாருடைய நிலத்தில் விளைந்தது? ஒவ்வொரு பிள்ளையும் தினமும் கிழித்துப் போடும் பொட்டலமும் குவளையும் எந்தப் பூமிக்கு நல்லது? தேவராஜும் போனில் இருப்பார். தன் பேச்சைத் தானே விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று காலை மேடையில் இரண்டு குவளை வைப்பேன். ஒன்றில் பிள்ளைகளுக்காக நான் காய்ச்சும் கஞ்சி, எங்கள் வீட்டு முருங்கைக்கீரை போட்டது. இன்னொன்றில் கஸ்தூரி சொல்லிக் கொடுத்தபடி பச்சரிசி வடித்து, தேங்காய் எண்ணெய் சொட்டு விட்ட அசல் பாவுக்கஞ்சி. உங்களுக்கு இரண்டாவது குவளை. குடியுங்கள். குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பெற்றவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்று பதில் சொல்லுங்கள்.